சாத்தன்பாறை 34 கி.மீ.

இவன் நிறுத்துவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருஷமாக இவனுடைய கார் நல்லூரணி மேம்பாலத்தின் மேலேதான் போகும். கீழே சர்வீஸ் ரோட்டில் டிபன் டப்பாவும் குடையுமாக நிற்கிற எங்களுக்குப் பாலத்தின் அடிவயிறும் அதில் அடைந்திருக்கிற புறாக்களும்தான் தெரியும். எச்சம் விழாத இடம் அங்கே மொத்தம் நாலு. அந்த நாலு இடத்துக்கும் தினசரிப் பயணிகளில் நாலு சீனியர்கள் இருக்கிறோம், நான் இரண்டாமவன். பதினான்கு வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பணிமூப்பு அதுதான். இன்றைக்கு ஒன்பதரை பஸ் கீழே இறங்காமல் பாலத்தின் மேலேயே பறந்துவிட்டது. கண்டக்டருக்கு நேரமாகிவிட்டால் நல்லூரணி என்று ஒரு ஊர் இருப்பதே அவருக்கு மறந்துபோகும். நான் அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளைக் கார் ஒன்று இறங்கி வந்து காலுக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. "சார், ஏறுங்க. ஒம்போதர வண்டி மேல போயிட்டு, நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்றான் செல்வின். செல்வின் துரை, என்னிடம் எம்.ஏ. வரலாறு படித்தவன், இன்றைக்கு எங்கள் வரலாற்றுத் துறையின் பொறுப்புத் தலைவன். நான் அதே துறையில் கௌரவ விரிவுரையாளன். கௌரவம் என்ற சொல்லை எதன்மேலெல்லாம் ஒட்டலாம் என்பதை அரசாங்கத்திடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இன்றைக்குப் பதினோரு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் கமிட்டி கூடுகிறது, எந்தெந்த கௌரவத்தை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்வது, எந்தெந்த கௌரவத்தை வீட்டுக்கு அனுப்புவது என்று. எங்கள் துறைக்காக அதில் உட்காரப்போகிறவன் இவன். இவன் ஒரு வார்த்தை சொன்னால் நான் இருப்பேன். சொல்லாவிட்டால் நவம்பரோடு சரி. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்க எனக்கு இருப்பது சாத்தன்பாறை வரைக்கும் முப்பத்து நாலு கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்தேன். கார் கீங் கீங் என்று கத்தியது. "பெல்ட்டு சார்" என்றான். இழுத்தேன், பாதியில் பிடித்துக்கொண்டது. விட்டு இழுத்தேன், மறுபடியும் பிடித்துக்கொண்டது. "வெடுக்குன்னு இழுக்கக் கூடாது சார், மெள்ள" என்று குறுக்கே சாய்ந்து அவனே இழுத்துப் பூட்டிவிட்டான். கத்தல் நின்றது. நாற்பத்தேழு வயது ஆளை இறுக்கக் கட்டியாயிற்று, வண்டி கிளம்பியது.

கேட்க வேண்டியது பெரிய விஷயமே இல்லை. அவன் பெயரில் இருக்கிற பன்னிரண்டு மணி நேர வகுப்பும் ஆவுடையப்பன், அதாவது நான், எடுப்பதுதான் என்று கமிட்டியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உண்மையும் அதுதான், வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அறுபது பிள்ளைகளுக்கும் தெரியும், மணியடிக்கிற அட்டெண்டருக்கும் தெரியும். ஆனால் தாளில் வேறு மாதிரி இருக்கிறது, தாளில் இருக்கிறது என் கையெழுத்து. எங்கள் துறையில் டைம் டேபிள் போடுகிறவன் நான். யாரும் என்னைப் போடச் சொல்லி ஆர்டர் கொடுக்கவில்லை, முதல் வருஷம் ஒருவர் உடம்பு சரியில்லை என்று என்னிடம் தள்ளினார், பிறகு அது என்னுடையதாகவே ஆகிவிட்டது. பெரிய சார்ட் தாளில் பென்சிலால் கட்டம் கட்டி, நிரந்தர ஆசிரியர்களுக்கு முதலில் அவரவர் கேட்ட நேரத்தைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பு வேண்டாம் என்கிறவர், நாலு மணி ரயில் பிடிக்கிறவர், வெள்ளிக்கிழமை விரதக்காரர் எல்லாரையும் திருப்திப்படுத்தி, மிச்சம் விழுகிற கட்டங்களில் எங்களை நிரப்புவேன். ஜூன் மாதம் செல்வின் என் மேஜைக்கு வந்தான். தலைவர் அறைக்குக் கூப்பிட்டனுப்பாமல் அவனே வந்து என் மேஜை விளிம்பில் கையூன்றி நின்றதே எனக்குப் பாதி போதையாகிவிட்டது. "சார், பிரமோஷனுக்கு ஒர்க்லோடு காட்டணும். ஹாஸ்டல் வார்டன் வேலையில எனக்கு வாரத்துக்கு அஞ்சு அவர் கிளாஸ்கூட இல்ல. உங்க மூணு பாடத்துக்கு எழுத்துல மட்டும் என் பேரப் போட்டுருங்க. கிளாஸ் நீங்கதான் எடுக்கீங்க, அதுல ஒரு மாத்தமும் இல்ல. நீங்க போட்டாத்தான் சார் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது." இடிக்கவில்லை. என் பதினாறில் பன்னிரண்டைத் தூக்கி அவன் பெயருக்கு நேரே பச்சை மையில் அழகாக எழுதினேன். எழுதிவிட்டு எட்டி நின்று ரசிக்கவும் செய்தேன், அந்த மானங்கெட்ட ரசனையை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. செப்டம்பரில் சுற்றறிக்கை வந்தது: வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் அடுத்த பருவத்துக்குத் தேவையில்லை. சார்ட்டில் என் பெயருக்கு நேரே நாலு. இந்த வேலையை என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சாத்தன்பாறை முப்பத்தொன்று. பச்சைப் பலகை கடந்துபோயிற்று. கரிசல்விளை விலக்கு தாண்டியதும் கேட்டுவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். விலக்கு என்றால் கிராமத்து ரோடு நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற இடம், எங்கள் பக்கத்தில் விலக்கை வைத்துத்தான் தூரம் பேசுவோம். கரிசல்விளை விலக்கு வந்தது, ஒரு டிராக்டர் குறுக்கே ஏறியது, செல்வின் ஹாரன் அடித்தான், நான் கேட்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறவனிடம் எப்படிக் கேட்பது. இந்த ரோட்டை எனக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு எஞ்சினியரிங் காலேஜ், ஒரு நர்ஸிங் காலேஜ், ஒரு பி.எட். காலேஜ், நடு நடுவே கலர் கொடி கட்டிய பிளாட்டுகள், எல்லாம் ஏதோ ஒரு நகர், நகரில் ஒரு கழுதைகூட இல்லை. தூங்குவது ஒரு ஊர், படிப்பது ஒரு ஊர், சம்பாதிப்பது ஒரு ஊர் என்றாகி, காலையில் கிழக்கே ஒரு கூட்டம், சாயங்காலம் மேற்கே அதே கூட்டம். நாலு வழியாக்கியபோது ஆயிரத்துச் சொச்சம் மருத மரமும் புளிய மரமும் போயிற்று, துறையில் எல்லாரும் சேர்ந்து மரங்களுக்காக ஒரு கருத்தரங்கம் நடத்தினார்கள், போண்டா நன்றாக இருந்தது. எனக்கு மரங்கள் போனதில் ஒன்றும் பெரிய துக்கமில்லை. மரம் இருந்த காலத்தில் இதே தூரத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் ஜன்னல் கம்பியில் தலை இடித்துக்கொண்டு போயிருக்கிறேன். மங்கம்மாள் போட்ட சாலை என்று நானே வகுப்பில் பெருமையாகச் சொல்லுவேன், அவள் காலத்தில் இதில் நடந்தவர்கள் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நடந்தார்கள், அவர்களை எப்போது தேவையில்லை என்றார்கள் என்று ஒரு செப்பேட்டிலும் இல்லை. "எங்க அத்தான் இங்கதான் சார் பிளாட்டு வாங்கியிருக்காவ" என்று செல்வின் இடது பக்கம் கையைக் காட்டினான். "ஓஹோ" என்றேன். "கார்னர் பிளாட்டு." "ஓஹோ." இரண்டு ஓஹோவில் நாலு கிலோமீட்டர் போய்விட்டது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், இவனை நான் நீ என்பதா நீங்கள் என்பதா என்று எட்டு வருஷமாக முடிவாகவில்லை. அவன் படித்தபோது லேய் என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த அன்றைக்கு எனக்கு நாக்கு கட்டிப்போயிற்று. அதிலிருந்து 'டீ குடிக்கலாமா', 'கிளம்பியாச்சா', 'லீவா இன்னைக்கு' என்று ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசிப் பழகிவிட்டேன், அவன் கவனித்தானோ என்னவோ. ஆனால் இந்த ஒரு விஷயத்தை ஆளில்லாமல் கேட்க முடியாது. இதில் அவன் வந்தாக வேண்டும், நான் வந்தாக வேண்டும், கெஞ்சல் வந்தாக வேண்டும். காலையில் என் மனைவி கோமு சப்பாத்தியை டப்பாவில் அடுக்கிக்கொண்டே சொன்னாள், "இன்னைக்காவது வாயத் தொறந்து கேளுங்க. அவரு என்ன, கடிச்சா திங்கப்போறாரு? ஒங்க கிட்ட படிச்ச பையன்தான?" பிறகு அவளே, "நீங்க எங்க கேக்கப்போறீக" என்று மூடியை அழுத்தினாள். கோமுவுக்கு என் மேல் கோபம்கூட இல்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. கல்யாணமான புதிதில் யாராவது கேட்டால், அவுக யுனிவர்சிட்டியில புரொபசர் என்பாள். பிறகு, யுனிவர்சிட்டியில இருக்காக என்றாள். இப்போது, சாத்தன்பாறைக்குப் போயிட்டு வருதாக என்கிறாள். டிசம்பரிலிருந்து அதையும் சொல்ல முடியாது. எட்டு வருஷம் முன்னால் இவன் இப்போது பார்க்கிற நிரந்தர வேலைக்கு இண்டர்வியூ நடந்தபோது நானும் இவனும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் இவனை வீட்டுக்குக் கூப்பிட்டு என்னென்ன கேட்பார்கள், எதற்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன், கோமு இரண்டு தடவை டீ போட்டாள். அதில் மூன்று கேள்வி அப்படியே வந்தது என்று வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்தது என் முறை. உள்ளே போனேன். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, உங்களுக்கு வயது என்ன.

சாத்தன்பாறை இருபத்து மூன்று. டோல்கேட் வந்தது. டோல்கேட்டில் வண்டி நிற்கும், நின்றால் கேட்டுவிடலாம் என்று இரண்டாவது தவணை வைத்தேன். முன்னால் ஒரு டேங்கர் லாரிக்கு ஏதோ தகராறு, வரிசை நின்றது. தசராவுக்கு மாலை போட்டவர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கார்களுக்கு நடுவே தட்டேந்தி வந்தார்கள், ஒரு காளி, ஒரு குரங்கு, ஒரு போலீஸ்காரர். போலீஸ் வேஷக்காரர் எங்கள் கண்ணாடியைக் கம்பால் தட்டினார். காக்கிச் சட்டையில் பட்டை பட்டையாக விபூதி, தோளில் ஏழெட்டு நட்சத்திரம், எந்த டிபார்ட்மெண்டிலும் கிடையாத உத்தியோகம். "லைசென்ஸ எடும்வே" என்றார் செல்வினைப் பார்த்து, பெரிய குரலில். செல்வின் சிரித்துக்கொண்டே தட்டில் போட்டான். "ஒமக்கு?" என்று என் பக்கம் குனிந்து பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், சட்டைப் பையில் தொங்குகிற அடையாள அட்டையையும் பார்த்தார். "வாத்தியாரா? போவும், போவும்" என்று கையை வீசிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். செல்வின் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஓய்கிற நேரம் கேட்பதற்கு ஏற்ற நேரம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது, இரண்டு பேரும் இளகியிருந்தோம், செல்வின் என்று வாய்க்குள் ஆரம்பித்தும்விட்டேன். டேங்கர் நகர்ந்தது, எங்கள் முன்னால் இருந்த கட்டை உயர்ந்தது, அவன் கியரை மாற்றினான். இவன் கெட்டவன் இல்லை. அதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்வது என்று எரிச்சலாக வருகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. கொரோனாவில் எனக்கு ஆக்ஸிஜன் படுக்கைக்கு அலைந்தவன் இவன்தான், பொங்கலுக்குக் கோமுவுக்குச் சேலை எடுத்து வந்து கொடுக்கிறவன், எல்லார் முன்னாலும் சார் சார் என்கிறவன். ஒரு அயோக்கியன் என் பன்னிரண்டு மணி நேரத்தைக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன்.

சாத்தன்பாறைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது போன் வந்தது. காரின் நடுவில் இருக்கிற திரையில் 'ஜெபா' என்று எழுத்து ஓடியது, அவன் மனைவி. வழக்கம்போல ஒரு பொத்தானை அழுத்திவிட்டான், அவள் குரல் கார் முழுக்க நாலு மூலையிலிருந்தும் வந்தது. "என்னங்க, பிள்ளைக்கு பீஸ் ரசீது உங்க பையிலயா இருக்கு?" இருக்கு என்றான். "சரி. அப்புறம், அந்த ஆவுடையப்பன் சார்ட்ட சொல்லிட்டியளா? ராத்திரி பூரா புரண்டுக்கிட்டு கெடந்தியளே, இன்னைக்குப் பேரு போயிருமின்னு அவ்வொகிட்ட நேர்லயே சொல்லிருங்க, பாவம், மத்தவங்க சொல்லித் தெரியக் கூடாது" என்றாள். செல்வின் கை திரையில் தடவியது, பொத்தான் அகப்படவில்லை, "சார் பக்கத்துலதான் இருக்காங்க" என்றான் சத்தமாக. பிறகு, "சார், நல்லாருக்கியளா? அக்கா சௌக்கியமா?" என்றாள் சின்னக் குரலில். "சௌக்கியம்மா" என்றேன். அவளே வைத்துவிட்டாள்.

ஆக, பேரு போயிரும். முடிவாகி, ராத்திரியில் புரண்டு, மனைவியிடம் சொல்லி, பாவம் என்று அவளும் சொல்லியாகிவிட்டது, எனக்கு மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை. நல்லூரணிப் பாலத்திலிருந்து இவன் இறங்கி வந்தது பஸ் போனதற்காக இல்லை. சொல்வதற்காக. சொல்ல முடியாமல் அத்தானின் பிளாட்டைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நான் கேட்க இடம் தேடியதுபோல அவன் சொல்ல இடம் தேடியிருக்கிறான், இரண்டு கோழைகளை ஒரே காரில் போட்டு ஏ.சி.யும் போட்டிருக்கிறது. வெளியே சோளக்காடு, காற்றாலைகள் நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்று மட்டும் நின்றிருந்தது. ஒரு காலேஜ் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று, ஜன்னலில் தூங்குகிற தலைகள். இப்போது கேட்டால் என்ன. கேட்டால், செல்வின், அந்தப் பன்னிரண்டும் என்னுடையது, அதைத் திருப்பிக் கொடு என்று கேட்டால், அவன் கொடுப்பான். நிச்சயம் கொடுப்பான், அந்தப் பயம்தான் எனக்கு. கொடுத்தால் அவன் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒர்க்லோடு அறிக்கை பொய் என்றாகும், பிரமோஷன் போகும், விசாரணை வரும். அப்புறம் தினமும் நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே வராந்தாவில் நடக்க வேண்டும், பொங்கலுக்குச் சேலை வராது, சார் என்கிற குரல் மாறிப்போகும். இதையெல்லாம் யோசிக்கிற என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நவம்பருக்கு அப்புறம் எந்த வராந்தா. எந்த சார். கோமு டப்பாவை அழுத்தி மூடிய சத்தம் காதில் கேட்டது. கேள், கேள், கேள் என்று ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டு வந்தேன், ரோட்டின் நடுவில் விட்டு விட்டுப் போட்டிருக்கிற அந்தக் கோடுகள் தீரவே இல்லை.

ஒன்பது கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது அவனே ஓரங்கட்டினான். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் பார்த்தபடி பேசினான். "சார், ஜெபா சொன்னத தப்பா எடுத்துக்கிடாதீங்க." "சேச்சே" என்றேன். "நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல சார். கமிட்டியில நான் சொல்லிருதேன். அந்தப் பன்னெண்டு அவரும் ஆவுடையப்பன் சார்தான் எடுக்காங்கன்னு சொல்லிருதேன், ஒரு நிமிஷ வேலை. சொன்னா, அப்ப நீரு குடுத்த ஸ்டேட்மெண்ட் என்னதுன்னு கேப்பாங்க. என் பிரமோஷன் ஃபைலும் அதே மேசையிலதான் சார் இருக்கு. பிரமோஷன விடுங்க, மெமோ வரும். டைம் டேபிள் எழுதினது யாருன்னும் கேப்பாங்க, உங்க கையெழுத்து எல்லாருக்கும் தெரியும், உங்களையும் இழுப்பாங்க." என் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது, நடிப்பில்லை, எனக்கு அவனை இருபத்தோரு வயதிலிருந்து தெரியும். "நீங்க சொல்லுங்க சார். நீங்க என்ன சொல்லுதீங்களோ அதத்தான் செய்வேன். உங்க வார்த்தைய நான் என்னைக்குமே தட்டினது கிடையாது." பின்னால் வந்த லாரி ஒன்று காரை ஆட்டிவிட்டுப் போயிற்று. இவ்வளவு நேரம் நான் தேடிய இடம் இதுதான், தட்டில் வைத்து நீட்டியிருக்கிறான். சொல்லு, அப்படியே செய் என்று சொல்லு. இரண்டே சொல். ஆனால் அவன் கேட்ட விதத்தில் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான், மறுபடியும் அவனுக்கு நான் வாத்தியார், அவன் பெஞ்சில் இருக்கிற பையன், தப்பு செய்துவிட்டு எழுந்து நிற்கிறான். பதினான்கு வருஷத்தில் என்னிடம் வந்து அழுத எந்தப் பையனிடமும் நான் வேறு எதுவும் சொன்னதில்லை, வாய்க்குப் பழகிப்போன ஒரே ஒரு பதில்தான் உண்டு. "பரவால்லப்பா" என்றேன். "ஒன் பிரமோஷன் கெட வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வேன். யாரைப் பார்த்துக்கொள்வேன். சொல்லி முடித்த அந்த நொடியிலேயே வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் என் முழங்காலைத் தொட்டு, "சார், உங்க மாதிரி ஒரு மனுஷன..." என்று முடிக்காமல் மூக்கை உறிஞ்சினான். இண்டிகேட்டரை அணைத்தான். வண்டி கிளம்பியது, இரண்டு கிலோமீட்டருக்குள் அவன் முகம் தெளிந்துவிட்டது. கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான், ஏதோ ஒரு பாட்டை மெதுவாக வைத்தான், உடனே என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். நிறுத்தியதற்காக அவனை வெறுத்தேன். வெறுப்பென்றால் சாதாரண வெறுப்பில்லை, அந்த டிராக்டர், அந்த டேங்கர் எல்லாம் ஒன்றாக வந்து இந்த வெள்ளைக் காரில் மோத வேண்டும் என்று நினைத்தேன், உள்ளே நானும் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல். பிறகு அது என் மேலேயே திரும்பியது. பெரிய மனுஷனாம். பெரிய மனுஷத்தனத்துக்கு என்ன விலை என்று கோமுவிடம் சாயங்காலம் எப்படிச் சொல்வேன். கேட்டேன், அவன் முடியாது என்றுவிட்டான் என்று பொய் சொல்லலாம், அவள் அவனைத் திட்டுவாள், எனக்குச் சோறு இறங்கும். கேட்கவில்லை என்று சொன்னால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், இலையில் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன்தான் கேட்டான், நான்தான் வேண்டாமென்றேன் என்ற உண்மையை உலகத்தில் எந்த மனைவியிடமும் சொல்ல முடியாது. சாத்தன்பாறை மூன்று. ஹாஸ்டல் கட்டிடம் தெரிந்தது, பின்னால் பாறை தெரிந்தது.

பல்கலைக்கழக வாசலுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால், சர்வீஸ் ரோட்டில், ஜெராக்ஸ் கடைகளைத் தாண்டி ஒரு காலி மனைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. "சார், ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது" என்றான். "இன்னைக்குக் கமிட்டி நாளு. ரெண்டு பேரும் ஒரே கார்ல போய் இறங்கினா பாக்கிறவங்க ஏதாவது கட்டிவிடுவாங்க. உங்களுக்குத்தான் சார் கெட்ட பேரு." "ஆமாமா, நான் நடந்துக்கிடுதேன்" என்றேன், அவன் சங்கடப்படக் கூடாதே என்று அவசர அவசரமாக இறங்கினேன், டிபன் டப்பாவை மறந்து, அவனே எடுத்து நீட்டினான். வெயில் சுள்ளென்று அடித்தது. பத்து இருபத்தைந்து. பதினோரு மணிக்கு இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பு, எழுத்தில் அவனுடையது. என் பெயரை எடுக்கிற நேரத்தில் நான் அவன் பெயரில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், பிள்ளைகள் கொட்டாவி விடும். கதவைச் சாத்திவிட்டு இரண்டு எட்டு வைத்திருப்பேன், பின்னால் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. "சார், சார்." திரும்பினேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு மாறிவிட்டான் என்றுதான் நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான். "பதினோரு மணி கிளாஸு..." "நான் எடுத்துக்கிடுதேன்" என்றேன். "அது தெரியும் சார். கமிட்டியில கேட்டாலும் கேப்பாங்க, அதான். இப்ப நான் எத்தனாவது யூனிட்டு நடத்திக்கிட்டிருக்கேன்?"

"நாலாவது" என்றேன். "பாதி முடிஞ்சிருக்கு. மூணாவதுக்கு டெஸ்ட் வச்சு, பேப்பரும் திருத்திக் குடுத்தாச்சு."